அண்ணனோடு பேசப் போதாத வேகம்

1

"வைகாசி, இரண்டாம் ஞாயிறு. வெயில், பிறகு புழுக்கம். கம்பி செருகிப் பார்த்ததில் இருநூற்று எண்பத்தெட்டு. கூடத்தில் கைபேசியில் தொண்ணூறு. அடுக்களையில் பதினாறு. அனுப்பும் வேகம் மதியம் நன்றாக இருந்தது. மாலையில் எவ்வளவு என்று தெரியாது. அண்ணனிடம் கேட்டுவிட்டேன். கேட்டது போய்ச் சேர்ந்ததா தெரியவில்லை."

போன வருடத்து நாட்குறிப்பில் நான் எழுதி வைத்த வரிகள் இவை. எண்களெல்லாம் எங்கள் வீட்டு இணையத்தின் வேகம். மழை, காய்ச்சல், பிள்ளைகளின் பரீட்சை என்று எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதும் பழக்கம் எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே உண்டு. கல்யாணமாகி அறந்தாங்கிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மலேசியாவில் ஈப்போவுக்கு வந்த பிறகு அது இன்னும் முற்றிவிட்டது. புது நாட்டில் என்ன முக்கியம், என்ன முக்கியமில்லை என்று தெரியாதவள் எல்லாவற்றையும்தான் எழுதி வைப்பாள்.

நாங்கள் இருப்பது ஈப்போவிலிருந்து தஞ்சோங் ரம்புத்தான் போகும் பக்கத்தில் ஒரு தாமான். வரிசை வீடுகள் கட்டிய குடியிருப்பை இங்கே அப்படிச் சொல்வார்கள். முன்பு இது ரப்பர்த் தோட்டம். என் கணவர் குணா பிறந்தது இதே தோட்டத்து லயத்தில், தொழிலாளர் குடியிருப்பில். தோட்டத்தை விற்று வீடு கட்டியபோது அவருடைய அப்பாவுக்கு ஒரு வீடு கிடைத்தது. ஆகவே நான் நாடு விட்டு வந்தவள். அவர் பிறந்த இடத்தை விட்டு அசையாதவர். "நான் எங்கயும் போவல. என்னைச் சுத்தி இருந்ததுதான் போயிடுச்சு" என்பார்.

இன்று மறுபடியும் வைகாசி இரண்டாம் ஞாயிறு. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2

என் அண்ணன் சிங்காரத்துக்குக் காது கேட்காது, பிறவியிலேயே. எங்கள் பக்கத்தில் அப்போது அதற்கென்று பள்ளிக்கூடம் இல்லை. அவர் எழுதப் படிக்கக் கற்கவில்லை. ஆனால் பேசுவார். கையால் பேசுவார். அது எந்தப் பள்ளியிலும் சொல்லித்தரும் சைகை மொழி அல்ல. அம்மாவும் அவரும் நானும் எங்கள் வீட்டுக்குள் உண்டாக்கிக்கொண்டது. மூக்குத்தியைத் தொட்டால் அம்மா. சுருட்டை முடியைக் கிள்ளிக் காட்டினால் சித்தப்பா மகன் பாண்டி. உள்ளங்கையால் தரையை அமுக்கினால் இங்கேயே இருப்பது. கையை மார்புக்கு நேரே மல்லாத்தினால் கேள்வி.

இரண்டில் ஒன்றைக் கேட்பதற்கு ஒரு முறை வைத்திருந்தோம். இடது கையை நீட்டி முதல் விஷயத்தைச் சொல்ல வேண்டும். பிறகு வலது கையை நீட்டி அடுத்ததை. எது வேண்டுமோ அந்தப் பக்கத்துத் தோளை அண்ணன் தொடுவார். இட்லியா பழைய சோறா என்பதிலிருந்து, அப்பா இறந்தபோது நிலத்தைக் குத்தகைக்கு விடுவதா வைத்துக்கொள்வதா என்பது வரைக்கும் அப்படித்தான் அவரிடம் கேட்டோம். அவர் தலையாட்டினால் அது சம்மதம் அல்ல. 'உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்' என்பதுதான். ஊரில் எல்லோரும் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். அம்மாதான் சண்டைக்குப் போவாள்.

அம்மா போன பிறகு அந்த மொழி பேச உலகத்தில் இரண்டு பேர். நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பம் எழுதியபோது, என்னென்ன மொழி தெரியும் என்று ஒரு கேள்வி இருந்தது. தமிழ், கொஞ்சம் ஆங்கிலம், கொஞ்சம் மலாய் என்று எழுதினேன். இதையும் எழுதலாமா என்று பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தது நினைவிருக்கிறது. மொழிக்குப் பெயர் இல்லாததால் எழுதவில்லை.

3

நான் இங்கே வந்த காலத்தில் தொலைபேசி அட்டையைச் சுரண்டி எண்ணை அழுத்திப் பேசுவோம். அதில் அண்ணனுக்கு இடமே இல்லை. "அண்ணன் பக்கத்துலதான் நிக்குது, ஒன்னைய மாதிரி மூக்கைத் தேச்சுக் காட்டுது" என்று அம்மா சொல்வாள். நான் சிரித்தேன் என்று அம்மா அவருக்குக் காட்டுவாள். அவ்வளவுதான். ஊருக்குப் போகும்போது மட்டும்தான் நாங்கள் பேசிக்கொண்டோம். விசா புதுப்பிப்பு, பிள்ளைப் பேறு, பள்ளிக்கூடம் என்று அந்தப் பயணங்களுக்கு நடுவே வருடங்கள் விழுந்தன.

பிறகு கைபேசியில் முகம் பார்த்துப் பேசும் வசதி வந்தது. அடுத்த தாமானுக்கு ஃபைபர் லைன் வந்துவிட்டது. எங்களுக்கு மட்டும் 'போர்ட் நிறைந்துவிட்டது' என்ற பதில். கம்பத்தில் தொங்கும் பெட்டியில் இணைப்புக்கான துளை காலியில்லை என்று அர்த்தம். யாராவது வீடு மாற்றிப் போனால்தான் கிடைக்கும். கடைசி வரிசையில் ஒரு சீனக் குடும்பம் மகனோடு இருக்கப் போனபோது எங்களுக்குக் கிடைத்தது. ஒருவர் ஊரை விட்டுப் போனதால்தான் என் ஊர் எனக்குக் கிட்டே வந்தது.

அண்ணனோடு முதல் ஞாயிற்றுக்கிழமை பேசியது மறக்காது. கூடத்தில் கைபேசியைத் தண்ணீர்ப் பாட்டிலில் சாய்த்து வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கினேன். அவர் கேட்ட முதல் கேள்வி, எனக்கு ஏன் முடி கொட்டிவிட்டது என்பது. குணா தரையில் உட்கார்ந்து சிரித்தார். "என்ன பேசிக்கிறீங்க ரெண்டு பேரும்? வீட்டுல ஒரு சத்தமும் இல்ல, ஆனா சண்டை போடுற மாதிரியே இருக்குலா." பேச்சின் கடைசியில் 'லா' சேர்ப்பது இந்த ஊர் வழக்கம்.

மகள் கவிதா அப்போது பள்ளியில். மாமாவிடம் பத்துப் பன்னிரண்டு சைகைகள் கற்றுக்கொண்டாள். இப்போது கோலாலம்பூரில் வேலை. விடுமுறைக்கு வந்தால் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, இரண்டு விரல் நுனியைச் சேர்த்து இதயக்குறி காட்டிவிட்டு நகர்ந்துவிடுவாள். அண்ணனுக்கு அது புரியவில்லை. அவள் எதையோ கிள்ளிக் கேட்கிறாள் என்று நினைத்து, என்ன வேண்டுமாம் என்று என்னைக் கேட்டார். "சும்மா அன்பு சொன்னேம்மா, அதுக்கு ஒரு மீனிங் வேணுமா?" என்றாள் கவிதா. எனக்கும் அதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

4

இணைய வேகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊரிலும் இப்போது வீட்டுக்கு வீடு ஃபைபர் வந்துவிட்டது, உங்களுக்கும் உதவும்.

முந்நூறு என்று சொல்லித்தான் விற்றார்கள். ஒப்பந்தத்தைப் படித்தால் 'முந்நூறு வரை' என்று இருக்கிறது. அந்த 'வரை'யை நான் கவனிக்கவில்லை; யார்தான் கவனிக்கிறார்கள்? அந்த முந்நூறும் கம்பியை நேராகக் கணினியில் செருகினால் வருவது. காற்றில் வரும்போது ஒவ்வொரு சுவரிலும் கொஞ்சம் விட்டுவிட்டு வருகிறது. எங்கள் வீட்டில் கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவே இருப்பது பழைய காங்கிரீட் சுவர். சாயங்காலம் தாமான் முழுக்க வீடு திரும்பிப் படம் பார்க்க உட்காரும்போது இன்னும் குறைகிறது. இவை தவிர, வாங்கும் வேகம் வேறு, அனுப்பும் வேகம் வேறு. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது வாங்குவது. நாம் அனுப்புவதற்கு அதைவிடக் குறைவாகத்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். படம் பார்ப்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது. கையை அனுப்புகிறவளுக்குத் தெரியும்.

அண்ணன் எனக்கு எப்போதும் தெளிவாகத் தெரிந்தார். நான் அவருக்கு அப்படித் தெரியவில்லை என்பது எனக்கு நெடுநாள் புரியவில்லை. காரணம், திரையின் மூலையில் சின்னக் கட்டத்தில் என் முகம் ஓடிக்கொண்டே இருக்கிறதே. அது என் கைபேசியே எனக்குக் காட்டும் படம். அங்கே போய்ச் சேர்ந்த படம் அல்ல. மின்சாரம் குறைந்தால் விளக்கு மங்கிச் சொல்லிவிடுகிறது. இதில் நான் மங்குவது எனக்கே தெரியாது.

புகார் எண்ணுக்கு அழைத்தேன். என் மலாய், குடிநுழைவு அலுவலகத்துக் கவுண்டர்களில் கற்ற மலாய். என் படம் உறைந்துபோகிறது என்று சொல்ல நினைத்து, 'சாயா பெக்கு' என்று சொல்லிவிட்டேன். 'நான் உறைந்துபோகிறேன்' என்றாகிவிட்டது. எடுத்த பெண் மரியாதையாக, இந்த எண் இணையத்துக்கு மட்டும்தான் அம்மா என்றாள். பக்கத்தில் குணா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒருவழியாகப் புரிய வைத்தேன்.

"குரல் கேட்கிறதா?" என்று மலாயில் கேட்டாள்.

"கேட்கிறது. ஆனால்..."

"குரல் கேட்டால் லைன் நன்றாக இருக்கிறது, அம்மா."

மறுநாள் குறுஞ்செய்தி வந்தது. புகார் தீர்க்கப்பட்டதாம். எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டிருந்தார்கள்.

குரல் கேட்டால் போதும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். படம் நின்று போனாலும் காதுள்ளவர்கள் பேச்சைத் தொடர்ந்துவிடுவார்கள். அண்ணனுக்குப் படம் நின்றால் தங்கை வாக்கியத்தின் நடுவே கையைத் தூக்கியபடி சிலையாகிவிடுகிறாள். அப்படி நின்றுபோன படத்தை அவர் நம்பினார். லைன் போனது என்ற எண்ணமே அவரிடம் கிடையாது. நான் எங்கே நிறுத்தினேனோ அங்கே முடித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்வார்.

5

பாண்டி நல்லவன். அம்மா போன பிறகு பெண்டாட்டி பிள்ளைகளோடு எங்கள் வீட்டுக்கே வந்து அண்ணனுக்குச் சோறு போட்டவன். அவனை நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். போன வருடம் சித்திரைக் கடைசியில் அவன் அழைத்தான்.

"அக்கா, திருப்பூர்ல ஒரு கம்பெனில சூப்பர்வைசர் வேலை. பிள்ளைகளுக்கும் அங்கனயே பள்ளிக்கூடம் பாத்துட்டேன். பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள போயாகணும்."

"அண்ணன்?"

"எங்களோடயே வரட்டும். விட்டுட்டா போவேன்? ஆனா அதுக்கு இங்கன இருக்கணும்னு ஆசை இருந்தாலும் வழி இருக்கு. எதுத்த வீட்டுச் செல்லம்மாக்கா ரெண்டு வேளை சோறு கொடுக்கறேன்னுச்சு. எனக்கு ரெண்டும் சம்மதம். அதுக்கிட்ட நீங்கதான் கேக்கணும் அக்கா. எனக்கு அந்த மாதிரி கேக்கத் தெரியாது. சோறு, குளி, வா. இவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

கேட்க வேண்டிய முறைப்படி அவன் கேட்டான். அண்ணன் அறுபது தாண்டியவர். ஒரு வீட்டை விட்டு வேறு எங்கும் தங்காதவர். போவதா இருப்பதா என்று அவரே சொல்ல வேண்டும்.

நான் நேரில் போயிருப்பேன். குணாவுக்கு வாரத்தில் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்பு. நான்தான் காரை ஓட்டிக்கொண்டு போய் உட்கார்ந்திருப்பேன். கவிதாவுக்கு வேலையில் விடுப்பு இல்லை. குணா, "நீ போயிட்டு வாலா, நான் கிரேப் வாடகைக் காரு பிடிச்சுக்கிறேன்" என்றார். அந்த மாதம்தான் இயந்திரத்திலிருந்து எழுந்ததும் ஒருமுறை மயங்கி விழுந்திருந்தார். நான் போகவில்லை.

பேசுவதைப் பதிவு செய்து அனுப்பலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். முன்பு ஒருமுறை அனுப்பினேன். அண்ணன் அதற்குக் கையால் பதில் சொல்லியிருக்கிறார். நான் அவர் பதிலைக் கவனிக்காமல் என் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போவதைப் பார்த்து, கோபத்தில் கைபேசியைக் குப்புறக் கவிழ்த்துவிட்டாராம். அதிலிருந்து பதிவு என்றால் பார்ப்பதில்லை.

வைகாசி முதல் ஞாயிறு, படம் மூன்று முறை அறுந்தது. அண்ணன் எழுந்து போய்விட்டார். மறுநாளே மறுபடி புகார் செய்தேன். இம்முறை ஆள் அனுப்பினார்கள். ஒப்பந்தக்காரரின் ஆள், மோகன் என்ற தமிழ்ப் பையன். பீடோர் ஊர்க்காரன். கணினியைச் செருகி எண்ணைக் காட்டினான்.

"அக்கா, பாருங்க, இருநூத்தி எம்பத்தெட்டு. முந்நூறு வரைக்கும்னுதான் போட்டிருக்கு. கம்பெனி கொடுக்க வேண்டியது கொடுத்தாச்சுலா."

"நான் அனுப்பறது அங்கே போகலையே தம்பி."

"அனுப்பறதும் இப்ப ஓகேதான்."

"இப்ப மதியம். நான் பேசறது ஞாயித்துக்கிழமை சாயங்காலம்."

"சாயங்காலம் எல்லாரும் வீட்டுல இருப்பாங்க, அக்கா. நீங்க வேணும்னா நேரத்த மாத்திப் பேசுங்க."

"அங்கே எங்க பாண்டி கைபேசியோட வீட்டுல இருக்கறது அந்த நேரம்தான்."

மோகன் தலையைச் சொறிந்தான். "இந்த வீட்டுப் பெட்டி வரைக்கும் நான் பாக்கலாம். கம்பத்துல உள்ள பெட்டி வேற டீம். இந்தியாவுக்குக் கடலுக்கு அடியில போற லைன்ல என்ன நடக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும் அக்கா? அந்தப் பக்கம் உங்க சொந்தக்காரர் லைன் எப்படியோ!"

குணா படுத்திருந்தபடியே சொன்னார். "தம்பி, என் ரத்தம் எவ்வளவு ஸ்பீடுல ஓடுதுன்னு அந்த மெஷின் எண்ணு போட்டுக் காட்டுது. இவங்க அண்ணனுக்கு என்ன போவுதுன்னு உங்க கம்பெனியால காட்ட முடியலையா?"

பையன் சிரித்துவிட்டான். சாமான்களை எடுத்துவைத்த பிறகு சிரிக்காமல் சொன்னான். "பேசறப்பவே டெஸ்ட் போட்டுப் பாக்காதீங்க அக்கா. அந்த டெஸ்ட்டே லைன எடுத்துக்கும். அப்புறம் படம் இன்னும் நிக்கும்."

அளந்தால் பேச முடியாது. பேசினால் அளக்க முடியாது.

6

இரண்டாம் ஞாயிறு. பாண்டி வியாழக்கிழமை கிளம்புவதாக இருந்தான். கைபேசியை மோடப் பெட்டியிலிருந்து ஒரு முழ தூரத்திலேயே வைத்தேன். குணா தன் கைபேசியை அணைத்தார். தொலைக்காட்சிப் பெட்டியின் இணைப்பைப் பிடுங்கினார். வாரக் கடைசிக்கு வந்திருந்த கவிதாவிடம், "உன்னோடதையும் நிறுத்து, ஆயி" என்றார். அவள் நிறுத்திவிட்டு, வாசற்படியில் போய் உட்கார்ந்தாள்.

அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு வந்து உட்கார்ந்தார். பாண்டி கைபேசியை அவர் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டான்.

"அக்கா, கேக்குதா? இங்க நல்லாக் கேக்குது."

"கேக்குது பாண்டி. நான் தெரியறேனான்னு பாரு."

"தெரியறீங்க, தெரியறீங்க. ஆரம்பிங்க."

ஆரம்பித்தேன். சுருட்டை முடி. பெண்டாட்டி, பிள்ளைகள். பேருந்து, நெடுந்தூரம் என்பதற்குக் கன்னத்தில் கை வைத்துத் தூங்கிக் காட்டினேன். அங்கே வீடு. திரும்பி வருவது இல்லை. அண்ணன் தலையாட்டிக்கொண்டே பார்த்தார். அந்தப் பக்கத்துப் படம் கண்ணாடி போல இருந்தது. அவர் சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்ததுகூடத் தெரிந்தது. இடது கையை நீட்டினேன்: அவர்களோடு போவது. நிறுத்தி, வலது கையை நீட்டினேன்: தரையை அமுக்கி, இங்கேயே இருப்பது, எதிர்வீட்டிலிருந்து சோறு வரும். கையை மார்புக்கு நேரே மல்லாத்தினேன்.

அண்ணன் தோளைத் தொடவில்லை. தலையாட்டினார்.

"சரின்னுட்டாரு அக்கா!" பாண்டியின் குரலில் சந்தோஷம். "தலையாட்டிட்டாருல்ல?"

"அது சரி இல்ல பாண்டி. அவர் இன்னும் பார்த்துக்கிட்டு இருக்கார். திரும்பக் கேக்கறேன், இரு."

மறுபடி இடது கையை நீட்டினேன். அப்போது திரை கறுத்து, நடுவில் ஒரு வட்டம் சுற்றியது. மீண்டும் அழைத்தபோது குரல் மட்டும் வந்தது. அதன் பிறகு அதுவும் போயிற்று. அடுத்த நாள்களில் பாண்டி சாமான் கட்டுவதில் இருந்தான். இரண்டு முறை அழைத்தேன். அண்ணன் வயல் பக்கம் போயிருப்பதாகச் சொன்னான். வியாழக்கிழமை அவர்களோடு அவரும் வேனில் ஏறினார். மறுக்கவில்லையாம். அமைதியாக ஏறி உட்கார்ந்தாராம்.

7

திருப்பூர் வீடு மூன்றாவது மாடி. அங்கே லைன் அருமை. நானும் மோடத்தை மாற்றி, வேகமான திட்டத்துக்குப் போய்விட்டேன். இப்போது இரண்டு பக்கமும் படம் நிற்பதே இல்லை. அண்ணன் நாற்காலியில் உட்காருகிறார். கைகளை மடியில் வைத்துக்கொள்கிறார். ஆரம்பத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: தரையை அமுக்கி, கையை மல்லாத்துவார். எப்போது வீட்டுக்கு என்று அர்த்தம். நான் என்ன சொல்வேன்? பிறகு அதையும் கேட்பதில்லை. பாண்டியின் மனைவி நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறாள். சாப்பிடுகிறார். நடக்கப் போகிறார்.

தைமாதம் செல்லம்மாக்கா என்னோடு பேசினாள். பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

"போறதுக்கு மொத நாள்கூட ஒங்கண்ணன் வெறகு வெட்டி அடுக்குனாருடி. கொல்லைல இந்த ஒசரம். மழைக்காலத்து வெந்நி அடுப்புக்கு. போறவன் யாராச்சும் வெறகு அடுக்குவானா?"

பாண்டியிடம் கேட்டேன். "அது வருசா வருசம் அந்த மாசத்துல அடுக்கறதுதான் அக்கா. கை சும்மா இருக்காதுல்ல அதுக்கு. அத வச்சு என்னத்தச் சொல்ல?" என்றான். அதுவும் சரிதான்.

அவனால் இப்போது என்ன செய்ய முடியும்? செல்லம்மாக்கா இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையாகிவிட்டாள். வீட்டை ஓர் ஆசிரியருக்கு வாடகைக்கு விட்டாயிற்று. அண்ணன் இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தார் என்று தெரிந்தாலும் திரும்பக் கொண்டுபோய் வைக்க வழியில்லை. இருந்தாலும் எனக்குத் தெரிய வேண்டும்.

போன ஞாயிறு அண்ணனிடமே கேட்டேன். கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு, வெள்ளைச் சட்டை, நான் பேசினேன் என்று ஒவ்வொன்றாக நினைவூட்டினேன். இடது கையை நீட்டினேன். வலது கையை நீட்டினேன். இந்தக் கையைப் பார்த்தாயா என்று கேட்டேன். கடைசி வரைக்கும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து திரையை விட்டு வெளியே போய்விட்டார். காலி நாற்காலி துல்லியமாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பாண்டி வந்து எட்டிப் பார்த்தான்.

"இப்பல்லாம் லைன் நல்லா இருக்குல்ல அக்கா?"

அந்த வைகாசி ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் பகுதியில் எந்தக் கோளாறும் பதிவாகவில்லை என்று நிறுவனம் எழுத்தில் தந்திருக்கிறது. நான் கையால் பேச ஆரம்பித்த பிறகு பாண்டி கைபேசியின் பின்பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கேட்டது என் குரலை. என் பக்கத்துச் சின்னக் கட்டத்தில் இரண்டு கைகளும் நீண்டன. அது சாட்சி ஆகாது. அந்தத் திரையைப் பார்த்தவர் அண்ணன் ஒருவர்தான். என் வலது கை அதில் தெரிந்ததா, இல்லை நீட்டிய இடது கையோடு நான் நின்றுபோனேனா என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதியாகவில்லை.